குளமும் நகரமும்

ஒரு நகரின் பெருமையை அளப்போர் அதன் மாளிகைகளையும் மதில்களையுமே முதற்கண் நோக்குவர். ஆயின், அந்நகரிற் பல்லாயிரம் மக்கள் பன்னூறாண்டு தொடர்ந்து வாழ்ந்தமைக்குக் காரணம் யாதென வினவுமிடத்து, வேறு இரு வினாக்கள் எழுகின்றன. மக்களுக்கு உணவும் நீரும் எங்கிருந்து வந்தன? அவை வந்த வழிகளைப் பேணியோர் யாவர்? இலங்கையின் பண்டைத் தலைநகராகிய அநுராதபுரத்தின் வரலாறு இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை தருகின்றது.

அநுராதபுரம் வறண்ட வலயத்தில், தமிழர் அருவியாறு என வழங்கும் மல்வத்து ஓயாவின் கரையில் அமைந்தது. அங்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையிலான சில திங்களிற் பெய்துவிடும். ஏனைக் காலத்தில் ஆறு மெலிந்து போகும். ஆதலின் மழைநீரைத் தேக்கிவையாது அங்கே ஒரு பெருநகர் நிலைபெறுதல் இயலாது. பசவக்குளம் என இன்று வழங்கும் அபயவாபி, கி.மு. 4ஆம் நூற்றாண்டிற் பண்டுகாபயன் காலத்தில் அமைந்ததென மரபு கூறும். திஸ்ஸவாபியும் நுவரவாவியும் பின்னர்த் தோன்றின. நகர் வளர வளர அயலிலுள்ள நீர் போதாதாயிற்று. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் காலவாபியைக் கட்டினான். அங்கிருந்து திஸ்ஸவாபிக்கு நீர் கொணர்ந்த ஜயகங்கை என்னுங் கால்வாய் ஏறத்தாழ 54 மைல் நீளமுடையது. அதன் ஒருபுறத்தில் மட்டுமே கரை கட்டப்பட்டது. மேட்டுப்புறத்தினின்று வழியும் மழைநீரும் அதனுள் வந்து சேர்ந்தது.

நகர் வாழ்வுக்கு நீர் வருதல் போலவே கழிவு நீங்குதலும் இன்றியமையாதது. பண்டுகாபயன் நகரைத் துப்புரவாக்க 500 பேரையும், கழிவுநீர் வழிகளைச் சுத்திசெய்ய 200 பேரையும், பிணஞ்சுமக்க 150 பேரையும், இடுகாட்டைக் காக்க 150 பேரையும் அமர்த்தினான் என மகாவமிசம் உரைக்கின்றது. இவர்களுக்குக் குடியிருப்பு நகருக்குப் புறம்பே அமைக்கப்பட்டது என்பதையும் அந்நூலே கூறும். எவருடைய உழைப்பால் நகர் தூய்மையுற்றதோ, அவர்களையே நகர் தன் எல்லைக்கு அப்பால் நிறுத்திற்று. இந்த அநீதி அநுராதபுரத்துக்கு மட்டும் உரியதன்று. பல நகரங்களின் வரலாற்றிற் காணப்படுவதாம்.

நகரைச் சூழ்ந்த நாட்டில் நூற்றுக்கணக்கான சிறு குளங்கள் இருந்தன. அவை ஒரே பள்ளத்தாக்கில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடர்ந்தமைந்தவை. மேற்குளத்து வயலிற் பாய்ந்து கழிந்த நீர் கீழ்க்குளத்தை அடையும். ஒரு துளி நீரும் ஒருமுறை பயன்பட்டதோடு ஒழிவதில்லை. குளத்தின் கீழுள்ள வயல் பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. பங்கு என்னுந் தமிழ்ச் சொல்லே சிங்களக் கிராமங்களிலும் வழங்குகின்றது. வயலிற் பங்கு எவ்வளவோ அவ்வளவுக்குக் கரை கட்டும் வேலையும் உண்டு. மழை பொய்த்த ஆண்டிற் பெத்ம என்னும் வழக்கம் கைக்கொள்ளப்பட்டது. குளத்தை அடுத்த ஒரு பகுதி வயலை மட்டும் விதைத்து, அதனைப் பங்காளர் யாவரும் தத்தம் உரிமைக்கேற்பப் பகிர்ந்துகொண்டனர். பஞ்சம் ஒருவன் தலையில் மட்டும் விழாது காத்த ஏற்பாடு இது.

கி.பி. 993 அளவிற் சோழர் படையெடுப்பால் அநுராதபுரம் தலைமையிழந்தது. பின்னர்ச் சிறந்த பொலன்னறுவையும் 1215இல் மாகன் படையெடுப்பின் பின் நலிந்தது. போர், ஆட்சிச் சிதைவு, காலநிலை மாற்றம், மலேரியா எனக் காரணங்களை அறிஞர் பலவாறு கூறுவர். பெருங்குளங்கள் உடைந்தன, நெடுங்கால்வாய்கள் தூர்ந்தன, காடு நகரை மூடியது. அவற்றைப் பேணுதற்குப் பேரரசொன்றின் ஆணையும் ஆள்வலியும் வேண்டியிருந்தன. ஆயினும் வன்னியிலும் நுவரகலாவியாவிலும் சிறுகுளக் கிராமங்கள் பல எஞ்சி நின்றன. பெரும் நீர்ப்பாசனம் கொடுங்கோலாட்சியை வேண்டுமென 1957இல் விற்ஃபோகல் எழுதியபோது, எட்மண்ட் லீச் 1959இல் இலங்கைக் கிராமக் குளங்களைக் காட்டி அதனை மறுத்தார். கிராமத்தார் தம் கையாலேயே செப்பனிடத்தக்க குளம், அரசன் இல்லாதபோதும் நிலைக்கும் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

பிற்கால வரலாறும் இதனை வலியுறுத்துகின்றது. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பினின்று மக்கள் விடுபட்டமை நன்றே. எனினும் குளத்திருத்த வேலையை ஏவிய அதிகாரமும் அதனோடு மறைந்தது. அதனிடத்தில் வேறொன்று வைக்கப்படவில்லை. குளங்கள் பல பாழாயின. 1856ஆம் ஆண்டின் சட்டம் கிராமத்தாரின் பழைய வழக்கங்களுக்கு மீண்டும் வலுவளித்த பின்னரே நிலைமை திருந்தத் தொடங்கிற்று. இக்குளத்தொடர் முறையை உலக உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவமுடைய விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

கல்லும் மண்ணும் கொண்டு குளத்தை ஒருமுறை கட்டிவிடலாம். ஆண்டுதோறும் அதன் கரையைக் காப்பதற்கு மக்களிடையே உடன்பாடு வேண்டும். பயனிற் பங்குடையோர் பணியிலும் பங்குகொண்டு, குறைவு வந்த காலத்து அதனையும் பகிர்ந்துகொண்ட இடங்களிலேயே குடிகள் நிலைத்தன. இன்று குழாயைத் திறந்து நீர்பெறும் நகர மாந்தரும், அந்நீர் எந்தக் குளத்தினது, எவர் உழைப்பினது என எண்ணிப் பார்த்தல் கடனாகும்.