நீள்சதுரமும் நம் ஆலயங்களும்

பொன்விழாப் பந்தலுக்கு அளவெடுக்க வந்த பந்தற்காரர் என்னிடம் கேட்ட முதற் கேள்வி, "நீளம் எத்தனை அடி சாமி?" என்பதே. அகலத்தைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. ஏனென்று வினவினேன். "அகலம் கம்பைப் பொறுத்தது சாமி, நீளம் சனத்தைப் பொறுத்தது" என்றார். நம் நாட்டுக் கட்டடங்களின் வரலாற்றில் பெரும்பகுதி அந்தப் பதிலில் அடங்கியிருக்கிறது.

பழைய கணக்குப் புத்தகங்களில் நீள்சதுரம் என்றிருந்ததை இன்றைய பிள்ளைகள் செவ்வகம் என்று படிக்கிறார்கள். பெயர் எதுவாயினும், அது இல்லாத வீடு இல்லை. பாய், கட்டில், கதவு, செங்கல், இறுதியில் நம்மைச் சுமந்து செல்லும் பெட்டி, எல்லாம் நீள்சதுரமே. படுக்கும் மனிதன் நீளமானவன். ஆகவே பாயும் நீளமாயிற்று. ஆனால் ஆலயமும் மண்டபமும் நீண்டதற்குக் காரணம் வேறு.

ஒரு கூடத்தின் அகலத்தைத் தீர்மானிப்பது சுவருக்குச் சுவர் கிடத்தும் உத்திரம். பனையானாலும் தேக்கானாலும் மரத்தின் நீளத்துக்கு மேல் கூடம் அகலாது. கல்லின் பாடு இன்னும் கடினம். கல் தன்மேல் அழுத்தும் பாரத்தை எளிதில் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இரு தூண்களுக்கு மேல் கிடத்திய கற்பாளம் பாரத்தால் வளைய முற்படும்போது அதன் அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் காணும். எனவேதான் சிற்பிகள் தூண்களை நெருக்கி நட்டு, அவற்றின் தலையில் போதிகை வைத்து இடைவெளியை மேலும் குறுக்கினார்கள். பக்கவாட்டில் தூண் வரிசைகளைப் பெருக்கிக்கொண்டே போனால் நடுவில் இருள் சூழும், பார்வையும் மறையும். நீளவாக்கிலோ அத்தொல்லை இல்லை. இன்னும் சில தூண்களை நட்டு வரிசையை நீட்டினால் போதும்.

இதனைக் கண்ணாரக் காண விரும்புவோர் மீனாட்சியம்மன் கோவிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புதுமண்டபத்துக்குச் செல்லலாம். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது அது. நீளம் ஏறத்தாழ 333 அடி, அகலம் 105 அடி. 124 தூண்கள் நான்கு வரிசைகளாக நிற்கின்றன. தையற்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் பல காலம் அங்கே தொழில் நடத்தியதை நம்மில் பலர் அறிவோம். அதே மன்னர் 1636-இல் கட்டிய மகாலில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வளைவுகளையும் குவிமாடத்தையும் எழுப்பி, உத்திரம் விதித்த எல்லையைத் தாண்டியிருக்கிறார். ஆனால் அது அரசரின் செலவு. ஊர்க் கோவிலுக்குக் கட்டுப்படியாகாது.

உரோமையிலும் இதே கதைதான். 313-இல் கான்ஸ்டன்டைன் பேரரசர் காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டுரிமை கிடைத்தபோது, அவர்கள் உரோமைத் தெய்வங்களின் கோவில்களை மாதிரியாகக் கொள்ளவில்லை. அங்கே சிலை உள்ளே இருக்கும். மக்கள் வெளியே நிற்பார்கள். மக்களையே உள்ளே கூட்ட வேண்டியிருந்ததால், நீதிமன்றமும் வாணிபமும் நடந்த பசிலிக்கா என்னும் நீண்ட கூடத்தை எடுத்துக்கொண்டார்கள். அதிலும் தூண் வரிசைகள், நடுவில் அகன்ற பாதை, இருமருங்கும் குறுகிய பாதைகள். ஆலயத்தின் நடுக்கூடத்துக்கு இலத்தீனில் வழங்கும் பெயரின் பொருள் 'கப்பல்' என்பது.

நீண்ட கூடத்துக்கு ஒரு குணமுண்டு. அதற்கு முன் என்றும் பின் என்றும் இரு முனைகள் உண்டு. முன்னால் யார், பின்னால் யார் என்ற கேள்வி அங்கேயே பிறந்துவிடுகிறது. 1606-இல் தத்துவ போதகர் மதுரைக்கு வந்தது முதல் வளர்ந்த மதுரை மிஷனை இக்கேள்வி ஓயாமல் துன்புறுத்தியது. அம்மிஷனின் தென்கோடியில், இன்றைய திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில், 1872-இல் எழுந்த ஆலயத்தில் இதற்கொரு விசித்திரமான விடை கண்டார்கள். ஒரே பீடத்தில் வந்து கூடும் இரண்டு நீண்ட கூடங்கள்: மேற்சாதி எனப்பட்டோருக்கு ஒன்று, ஏனையோருக்கு மற்றொன்று. இரு சாராரும் பீடத்தைக் காணலாம். ஒருவரையொருவர் காண முடியாது. காற்சட்டைக் கோவில் என்று அதற்குப் பெயர் வந்ததில் வியப்பில்லை. 1910-இல் கௌசானல் அடிகளார் தடுப்பை இடித்தார். எதிர்த்தோர் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று, அவர்களுக்குத் தோல்வியாகவே முடிந்தது. இது நமக்குப் பெருமை தரும் அத்தியாயமன்று. எனினும் விழா மலரில் பெருமைகளை மட்டும் எழுதினால் அது வரலாறாகாது.

சுவர் இல்லாத இடத்திலும் தடுப்பு உண்டு. நான் குருவான புதிதில், ஏறக்குறைய முப்பதாண்டுகளுக்கு முன், ஒரு கிராமத்து ஆலயத்தில் பூசை செய்வேன். முன்னால் இடம் காலியாகக் கிடக்கும். ஒரு தெருவைச் சேர்ந்தவர்கள் மட்டும் கடைசித் தூணுக்குப் பின்னாலேயே நிற்பார்கள். "முன்னாலே வாங்க பெரியவரே" என்று ஒருநாள் அழைத்தேன். "இங்கேயிருந்தே நல்லாக் கேக்குது சாமி" என்றார் அவர். அவரைப் பின்னால் நிற்கச் சொன்னவர் எவருமில்லை; அவருடைய தகப்பனாரும் அங்கேதான் நின்றாராம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்துகொண்டிருந்தபோதே, 1964-இல் வெளிவந்த வழிபாட்டு நெறிமுறை பீடத்தைச் சுவரிலிருந்து பிரித்து, குரு மக்களை நோக்கி நிற்க வழிசெய்தது. பல பழைய ஆலயங்களில் பீடம் சில அடிகள் முன்னே வந்தது. கூடத்தின் நீளம் மட்டும் அப்படியே இருக்கிறது.

விழாப் பந்தலுக்கு 120 அடி நீளம் சொல்லியிருக்கிறேன். பீடத்தை ஒரு முனையில் வைக்காமல், நீளப் பக்கத்தின் நடுவில் அமைத்து, மற்ற மூன்று பக்கமும் மக்கள் அமரும்படி ஏற்பாடு. பந்தற்காரருக்கு இது பிடிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் இரண்டு கம்புகளை எடுக்க வேண்டிவரும், காற்றடித்தால் தாங்காது என்கிறார். கயிறு கூடுதலாகக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.