பாடநூலுக்கு வெளியே பிறந்த பாடம்: 'ராக்கிஸ் பூட்ஸ்' வடிவமைப்பு

சிறார் கல்வி மென்பொருளைப் பாடநூலின் நீட்சியாக மட்டும் கருதும் போக்கு மறுபரிசீலனைக்குரியது. 'தி லேர்னிங் கம்பெனி' 1982இல் வெளியிட்ட 'ராக்கிஸ் பூட்ஸ்' இதற்குத் தக்க சான்று. இதனை வாரன் ராபினெட்டும் லெஸ்லி கிரிம்மும் வடிவமைத்தனர். ராபினெட் முன்னரே அட்டாரி நிறுவனத்தில் 'அட்வெஞ்சர்' என்னும் விளையாட்டைப் படைத்தவர். (படைப்பாளர் பெயரை அந்நிறுவனம் வெளியிடாமையால், மறைவான அறையொன்றில் தம் பெயரைப் பொதிந்துவைத்தவரும் அவரே.) அறைவிட்டு அறை செல்லுதல், பொருள்களை எடுத்துச் செல்லுதல் ஆகிய அவ்விளையாட்டின் உத்திகளே இங்கும் அடித்தளமாயின. வாளுக்கும் சாவிக்கும் மாற்றாக, குழந்தை 'உம்', 'அல்லது', 'இல்லை' என்னும் தருக்க வாயில்களை எடுத்து இணைக்கிறது. இணைப்பின்வழிக் குறிகை ஆரஞ்சு நிறத்தில் பாய்வது கண்கூடாகத் தெரிகிறது. அது காலணியை எட்டியதும் எதிர்வரும் வடிவம் உதைபடும். இணைப்புத் தவறெனில் வேண்டாத வடிவமும் உதைபடும். பிழையைக் குழந்தை பொறியின் இயக்கத்திலேயே கண்டுகொள்கிறது.