ஸ்ரீராம்பூர்: படங்களும் பெயர்க்குறிப்புகளும்

கொல்கத்தாவுக்கு வடக்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், பாரக்பூருக்கு நேர் எதிரே அமைந்த சிறுநகருக்குப் பெயர்கள் பல. வங்காளியர் அதனை ஸ்ரீராம்பூர் என்பர். ஆங்கில ஆவணங்களில் அது செராம்பூர். 1755 முதல் 1845 வரை அதனை ஆண்ட டேனியர், தம் அரசர் ஐந்தாம் பிரெடரிக்கின் பெயரால் பிரெடரிக்ஸ்நகோர் என்றனர். அவர்கள் வருமுன் அங்கிருந்தவை ஸ்ரீபூர், ஆக்னா முதலான சிற்றூர்கள். தமிழ்நாட்டு இறையியல் மாணவர்க்கோ 'செராம்பூர்' என்பது ஊர்ப்பெயர் என்பதைவிடத் தாம் பெறும் பட்டத்தின் பெயராகவே அறிமுகம். மகாராட்டிரத்தில் வேறொரு ஸ்ரீராம்பூர் உண்டு என்பதையும் நூற்பட்டியல் தயாரிப்போர் மறத்தலாகாது.

ஊரின் வரலாற்றைப் பழைய படங்கள் வழியும் புழங்குபொருள்கள் வழியும் காக்க முனைவோர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல் இதுவே. படம் கிடைத்துவிடுகிறது, அது எவ்வூர், எத்துறை, எவர் வீடு என்பதற்கான சொல் கிடைப்பதில்லை. கிடைக்கும் சொல்லும் டேனிய மொழியில் ஒருவகையாகவும், ஆங்கிலத்தில் ஒருவகையாகவும், வங்காள மொழியில் மற்றொருவகையாகவும் நிற்கிறது. ஆதலின் இப்பணி அருங்காட்சியகத்தாருடைய பணியாக மட்டும் அமையாமல், மொழியியலார், மொழிபெயர்ப்பாளர் ஆகியோருடைய பணியாகவும் ஆகிறது.

தீயில் எஞ்சிய எஃகு

மொழி ஆய்வாளர்க்கு இவ்வூர் புதிதன்று. 1800 ஜனவரியில் வில்லியம் கேரி இங்கு வந்து சேர்ந்தார். மார்ஷ்மன், வார்டு ஆகியோருடன் இணைந்து அவர் நடத்திய அச்சகம் 1832க்குள் நாற்பது மொழிகளில் நூல்களை வெளியிட்டது. 1812 மார்ச் 11 மாலை அச்சகத்தில் தீப்பற்றியது. காகிதமும், வார்த்து வைத்திருந்த ஈய எழுத்துகளும், கேரி தொகுத்துவந்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப்படியும், தெலுங்கு, பஞ்சாபி இலக்கணப்படிகளும் அழிந்தன. சாம்பலைக் கிளறியபோது, எழுத்து வடிவங்கள் வெட்டப்பட்ட எஃகுத் துண்டுகள், அதாவது அச்சுத்தொழிலார் 'பஞ்ச்' என்பவை, பழுதின்றிக் கிடைத்தன. அவற்றைக்கொண்டு சில மாதங்களுக்குள் எழுத்துகள் மீண்டும் வார்க்கப்பட்டன. பபிரிசியுசு மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1813இல் இவ்வச்சகத்திலிருந்தே வெளிவந்தது. தரங்கம்பாடியில் 1715இல் அச்சேறிய புதிய ஏற்பாட்டுக்கு ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின், டேனியக் கொடி பறந்த மற்றோர் ஊரிலிருந்து தமிழ் நூல் வந்தமை இது. (1808 முதல் 1815 வரை ஊர் ஆங்கிலேயர் கைவசம் இருந்ததால், அவ்வாண்டில் அக்கொடி அங்குப் பறந்திருக்காது என்பது வேறு.)

அவ்வெஃகுத் துண்டுகளின் பின்னணியில் நிற்கும் பெயர்கள் இரண்டே. ஹால்ஹெட்டின் 1778ஆம் ஆண்டு வங்காள இலக்கணத்திற்காக வில்கின்சிடம் பணியாற்றிய பஞ்சானன் கர்மகார் ஒருவர். அவர் மருமகன் மனோகர் மற்றொருவர். எழுத்துக் கோத்தவர், மெய்ப்புத் திருத்திய பண்டிதர், காகிதம் செய்தவர் ஆகியோருள் பெரும்பாலோர் பெயரின்றி மறைந்தனர். பொருள் எஞ்சுவதும் பெயர் எஞ்சுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று இவ்வூரில் இல்லை.

கட்டடமும் சொல்லும்

அண்மைக் காலத்தில் இந்நகர் குறித்து நிகழ்ந்த பெரிய முயற்சி, டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் 2008இல் தொடங்கிய திட்டமாகும். 1806இல் கட்டி முடிக்கப்பட்ட புனித ஓலாவ் தேவாலயம் செப்பனிடப்பெற்று, 2016இல் யுனெசுக்கோவின் ஆசிய பசிபிக் மரபுக் காப்பு விருதினைப் பெற்றது. 1786ஆம் ஆண்டைச் சேர்ந்த டென்மார்க் விடுதி, இடிபாடாகக் கிடந்த நிலையிலிருந்து மீட்கப்பட்டு 2018இல் திறக்கப்பட்டது. தேவாலய முகப்பில் உள்ள முடியணிந்த எழுத்துப் பின்னல் ஏழாம் கிறிஸ்டியன் அரசருடைய முத்திரை. பழைய படமொன்றில் அது தெரியுமாயின் கட்டடத்தை ஐயமின்றி இனங்காணலாம். கட்டடம் தன்னைத் தானே அறிவித்துக்கொள்கிறது. மனிதர் முகங்களுக்கு அந்த வாய்ப்பில்லை.

அவ்விடுதி நிற்கும் இடம் நிஷான் காட். நிஷான் என்னும் பாரசீகச் சொல்லுக்குக் கொடி என்பது பொருள். டேனியக் கொடிமரம் நின்ற துறை அது. கொடி இறங்கி நூற்றெண்பது ஆண்டுகள் ஆகியும் வங்காளியர் நாவில் பாரசீகச் சொல்லொன்று அதனைச் சுமந்து நிற்கிறது. டேனியரைக் குறிக்கும் 'தினேமார்' என்னும் வங்காளச் சொல்லும் போர்த்துக்கீசியத்தின் வழி வந்ததே. படக்குறிப்பைத் தமிழாக்குவோர் 'காட்' என்று எழுதின் தமிழ் வாசகர்க்குக் காடு நினைவுக்கு வரும். 'கொடித்துறை' என முழுவதும் பெயர்ப்பின் ஊரார் வழங்கும் பெயர் அழியும். 'நிஷான் படித்துறை' என்று எழுதி, நிஷான் என்பதை விளக்குதலே தக்கது.

வீட்டுப் பெட்டிகளில்

உண்மையான இழப்பு நேர்வது வீடுகளில்தான். 1854இல் ஹௌராவிலிருந்து இருப்புப்பாதை வந்தபின், இந்நகர மக்கள் கொல்கத்தா நிழற்பட நிலையங்களுக்குச் சென்றுவருதல் எளிதாயிற்று. அந்நிலையங்களுள் புகழ்பெற்ற போர்ன் அண்டு ஷெப்பர்டு, 1991 பிப்ரவரியில் நேர்ந்த தீயில் தன் பழைய தொகுப்பில் பெரும்பகுதியை இழந்தது, 2016இல் மூடப்பட்டது. நிலையத்தின் படிகள் போனபின், வீட்டாரிடமுள்ள ஒற்றைப் படியே மூலப்படி ஆகிவிடுகிறது.

அத்தகைய படத்தின் பின்புறத்தில் பெரும்பாலும் இயற்பெயர் இருப்பதில்லை, உறவுப்பெயரே இருக்கும். வங்காள மொழியில் மூத்தவர் 'பொடோ', அடுத்தவர் 'மேஜோ', மூன்றாமவர் 'ஷேஜோ', நான்காமவர் 'நொ', கடைக்குட்டி 'சோட்டோ' என்று பிறப்பு வரிசை உறவுச் சொல்லுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. 'ஷேஜோ காக்கீமா' என்றால் தந்தையின் உடன்பிறந்தாருள் மூன்றாமவரின் மனைவி. ஆங்கிலப் பட்டியல்களில் இது 'ஆன்ட்டி' ஆகிச் சுருங்கும். தமிழில் 'சித்தி' என்று நிறுத்தினாலும் வரிசை போய்விடும். வரிசை போனால், குலவரிசையோடு ஒப்பிட்டு அப்பெண்மணி யார் எனக் காணும் வழியும் அடைபடும். மூலச்சொல்லை ஒலிபெயர்த்து, உறவை விரித்துரைப்பதன்றி வேறு வழியில்லை. குறிப்பை எழுதியவர் யார் என்பதும் உடன் பதியப்பட வேண்டும். காக்கீமா என்பது எவர்க்குக் காக்கீமா என்பது அதைப் பொறுத்தது.

ஆலைப் படங்களின் நிலை வேறு. பக்கத்து ஊரான ரிஷ்ராவில் 1855இல் தொடங்கிய சணல் ஆலைத்தொழில் இக்கரை முழுதும் பரவியது. ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்தில் ஹூக்ளிக் கரை ஆலைகளின் படங்கள் உள்ளன. இவ்வகைக் குழுப்படங்களில் நாற்காலியில் அமர்ந்த மேலாளர் பெயர்கள் இடமிருந்து வலமாக எழுதப்பட்டிருக்கும். பின்னால் நிற்கும் பீகாரி, ஒரிய, தெலுங்குத் தொழிலாளர் 'கூலிகள்' என ஒரே சொல்லில் அடங்குவர். அவ்வெற்றிடத்தை மொழிபெயர்ப்பால் நிரப்ப இயலாது. ஆலைக் குடியிருப்புகளில் வாழும் அவர்தம் பேரர்களிடம் அவரவர் மொழியில் கேட்டால் ஒருசில பெயர்கள் இன்னும் கிடைக்கக்கூடும். அதற்குரிய காலமும் குறுகிவருகிறது.

கொல்கத்தாவின் சமூக அறிவியல் ஆய்வு மையத்தில் 1993இல் தொடங்கிய ஹிதேஷ்ரஞ்சன் சன்யால் நினைவுத் தொகுப்பு, படங்கள், விளம்பரங்கள், பழைய இதழ்கள் ஆகியவற்றைப் படியெடுத்துக் காத்துவருகிறது. தமிழகத்தில் கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் திரட்டினார். அவர் திரட்டியவை 1994 முதல் சென்னை ஆராய்ச்சி நூலகத்தில் உள்ளன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழக நிழற்பட நிலையங்களின் பழைய படங்களை மின்படியாக்கியது. இத்தகைய பணிகளில் படத்தின் முன்புறத்தைப் போலவே பின்புறத்தையும் தவறாது படியெடுத்தல் வேண்டும். பின்புறம் வெறுமையாக இருப்பினும் அதையும் பதிவதே முறை. வெறுமை என்பதும் ஒரு செய்தி.

1845 பிப்ரவரி 22ஆம் நாள் உடன்படிக்கையின்படி தரங்கம்பாடியும் ஸ்ரீராம்பூரும் சேர்ந்து பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்க்கு விற்கப்பட்டன. ஊரை உள்ளூர்ச் செல்வரான ரகுராம் கோஸ்வாமியே வாங்க முன்வந்தார் என்று ஸ்ரீராம்பூரில் ஒரு கதை வழங்குகிறது. அவ்விரு ஊர்களின் படங்களையும் ஒருசேர அடுக்க முனைவோர் ஆண்டுக் கணக்கிலும் கவனம் கொள்ளல் வேண்டும். ஸ்ரீராம்பூர்ப் படத்தின் பின்னால் 1312 என்றிருப்பின் அது வங்காள ஆண்டு. 593 கூட்டின், வங்கப் பிரிவினை நிகழ்ந்த 1905ஆம் ஆண்டின் சித்திரையில் அது தொடங்கும். அதே ஆண்டில் தரங்கம்பாடியில் எடுத்த படத்தின் பின்னால் விசுவாவசு என்றிருக்கலாம். அச்சொல்லை மட்டும் கொண்டு அது 1905ஆ, அறுபதாண்டு கழிந்த 1965ஆ எனத் துணிய இயலாது. அட்டையின் தரமும், நிலையத்தின் முத்திரையும், அமர்ந்திருப்பவர் உடையும் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.