ஒழுக்கமும் பண்பும்

போன மாதம் பேத்தி கோவையிலிருந்து போன் செய்தாள். எம்.எஸ்சி. உளவியல் படிக்கிறாள். "தாத்தா, ஆன்ட்டி சோஷியல் பர்சனாலிட்டி டிஸ்ஆர்டர்னு ஒரு பாடம். தமிழ்ல எப்படிச் சொல்றது?" என்றாள். சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்றேன். சொன்ன பிறகுதான் உறுத்தியது. நம் செய்தித்தாள்களில் சமூக விரோதி என்றால் ஊர்வலத்தில் கல் எறிந்தவன், கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவன். இன்றைய பிள்ளைகளோ கல்யாண வீட்டில் யாருடனும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருப்பவனை ஆன்ட்டி சோஷியல் என்கிறார்கள். மருத்துவர்கள் சொல்வது இரண்டுமே இல்லை. பொய், ஏமாற்று, அடிதடி என்று வருடக்கணக்கில் அடுத்தவரை மதிக்காமல் நடப்பவர், பெரும்பாலும் அதற்காக வருந்தவும் செய்யாதவர். அவரைக் குறிக்கும் சொல் இது.

அவளுக்காகத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, 1984-இல் ஒரு பையனுக்காக நான் நிரப்பிய மாற்றுச் சான்றிதழ் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பாரிஸ் மருத்துவர் ஃபிலிப் பினெல் 1801-இல் வெளியிட்ட நூலில் இந்தக் கதை தொடங்குகிறது. பைத்தியம் என்றால் புத்தி கலங்கியிருக்க வேண்டும், இல்லாததை இருப்பதாகச் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் நம்பிய காலம். பினெல் கண்ட சிலரோ தெளிவாகப் பேசினார்கள். ஆனால் வெறி வந்தால் அடக்க முடியவில்லை. அவர் சொல்லும் ஒருவன் வசதியான வீட்டு ஒரே பிள்ளை. கேட்டதெல்லாம் கொடுத்து வளர்த்த அம்மா. எரிச்சலூட்டிய மிருகத்தை அடித்தே கொல்வான். பெரியவனானதும் சொத்தைக் கெட்டிக்காரத்தனமாகவே நிர்வகித்தான். கடைசியில், தன்னைத் திட்டிய ஒரு பெண்ணைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிட்டான். பிசெத்ர் என்ற இடத்தில் ஆயுள் முழுக்க அடைத்தார்கள். மதி மயங்காத வெறி என்று பினெல் இதற்குப் பெயர் வைத்தார்.

1835-இல் பிரிஸ்டல் மருத்துவர் ஜேம்ஸ் பிரிச்சர்டு "மாரல் இன்சானிட்டி" என்றார். மாரல் என்றதும் நாம் ஒழுக்கம் என்று நினைத்துக்கொள்வோம். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் அந்தச் சொல் மன உணர்ச்சிகளையும் குறித்தது. பிறகு ஜெர்மனியில் சைக்கோபாத் என்ற சொல் வந்தது. 1941-இல் அமெரிக்க மருத்துவர் ஹெர்வி கிளெக்லி ஒரு புத்தகம் எழுதினார். அவர் வர்ணித்தவர்களில் பலர் கொலைகாரர்கள் அல்ல. இனிக்க இனிக்கப் பேசுவார்கள், கடன் வாங்குவார்கள், மறுநாள் காணாமல் போவார்கள். நமக்குத் தெரிந்த இரண்டு பேராவது நினைவுக்கு வருவார்கள்.

1952-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் முதல் கையேட்டை அச்சிட்டபோது, இதற்குச் சோஷியோபதி என்ற தலைப்பைக் கொடுத்தது. அதே தலைப்பின் கீழ் குடிப்பழக்கத்தையும் ஓரினச் சேர்க்கையையும் சேர்த்து வைத்திருந்தது! ஓரினச் சேர்க்கை நோயல்ல என்று அந்தச் சங்கம் முடிவு செய்ய 1973 ஆனது. யார் யாரையெல்லாம் ஊருக்குப் பிடிக்கவில்லையோ அவர்களுக்கெல்லாம் ஒரே கூண்டு. படித்தவர்கள் கட்டிய கூண்டுதான்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே ஒரு பெண்மணி செய்த வேலைதான் என்னைக் கட்டிப்போட்டது. லீ ராபின்ஸ் மருத்துவர் அல்ல, சமூகவியல் படித்தவர். செயின்ட் லூயிஸ் நகரத்தில் 1920-களில் குழந்தைகளுக்கான மனநலச் சிகிச்சை நிலையம் ஒன்று இருந்தது. திருட்டு, வீட்டை விட்டு ஓடுதல், பள்ளிக்கு மட்டம் போடுதல் என்று பல தொல்லைகளுக்காக அங்கே அழைத்து வரப்பட்ட 524 பிள்ளைகளின் பழைய கோப்புகளை அவர் எடுத்துக்கொண்டார். ஒப்பிட்டுப் பார்க்க, அதே ஊர்ப் பள்ளிகளில் தொல்லையில்லாமல் படித்த 100 பேர். முப்பது வருடம் கழித்து இவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடினார். கணினி கிடையாது, செல்போன் கிடையாது. பத்தில் ஒன்பது பேரைக் கண்டுபிடித்துவிட்டார். 1966-இல் புத்தகம் வந்தது.

இரண்டு விஷயம் தெரிந்தது. வளர்ந்த பிறகு சமூக விரோத ஆளுமையாக நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தால், அநேகமாக எல்லோருமே சின்ன வயதிலும் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். பினெல் சொன்ன பணக்கார வீட்டுப் பிள்ளை மாதிரி. ஆனால் அந்தப் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு வேறு. திருடிப் பொய் சொல்லித் திரிந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் அப்படி ஆகவில்லை. இன்னொன்றும் சொல்கிறார்: ஏழை வீடா, அப்பா செத்துப்போன வீடா என்பதைவிட, அப்பா எப்படிப்பட்டவர் என்பது அதிகம் எடை போட்டது.

1980-இல் வந்த மூன்றாவது கையேடு இவருடைய ஆராய்ச்சியைப் பெரிதும் நம்பியது. 15 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் 18 ஆகும் வரை யார் மேலும் இந்தப் பெயரை ஒட்டக்கூடாது. அறிகுறிப் பட்டியலில் மட்டம் போடுதல், சண்டை, திருட்டோடு "புத்திக்கேற்ற மதிப்பெண் வாங்காமை" என்றும் ஒன்று இருந்தது. வாத்தியாருக்குச் சிரிப்பு வராதா? என் வகுப்பில் பாதிப் பேருக்கு அது இருந்தது.

இனி அந்தப் பையன். ஒன்பதாம் வகுப்பு, 14 வயது. சக மாணவனின் பரீட்சைப் பணத்தை எடுத்தான். கண்ணைப் பார்த்து, அம்மா மேல் சத்தியம் செய்து, இல்லை என்றான். பிறகு ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவனின் நெற்றியைக் கல்லால் பிளந்துவிட்டு, "அவன்தான் சார் குறுக்கே வந்தான்" என்றான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அப்பாவுக்குச் சாராயக் கடையே கதி. வீட்டுக்கு வந்தால் அடி. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பள்ளியை விட்டு அனுப்ப முடிவானது. வகுப்பாசிரியர் என்ற முறையில் சான்றிதழை நான் நிரப்பினேன். மாணவரின் ஒழுக்கமும் பண்பும் என்ற இடத்தில் எல்லோருக்கும் "நன்று" என்று எழுதுவது வழக்கம். யாரும் யோசித்து எழுதுவதில்லை. நான் யோசித்தேன். "திருப்தியில்லை" என்று எழுதினேன்.

மறுநாள் அவன் அம்மா வந்தார். வயல் வேலையிலிருந்து நேரே வந்த சேறு காலில். "நன்றுன்னு ஒரு வார்த்தை போட்டுடுங்க சார். இதைக் காட்டினா எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சேர்க்க மாட்டாங்க." பொய் எழுத முடியாதும்மா என்றேன். அன்று அது நேர்மை என்று நினைத்தேன். அந்தச் சிறுவனின் நெற்றியில் நாலு தையல் போட்டிருந்ததும் என் கண் முன்னே இருந்தது. அதை இன்றும் நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் நடந்ததை எழுதச் சொன்ன கட்டத்தில், இனி நடக்கப்போவதையும் சேர்த்து எழுதிவிட்டேன். அந்தத் தாளைப் பார்க்கிற அடுத்த தலைமையாசிரியர் வேறென்ன படித்திருப்பார்?

அவன் எங்காவது சேர்ந்தானா, என்ன ஆனான், எனக்குத் தெரியாது. ராபின்ஸ் கண்டம் மாதிரியான ஒரு தேசத்தில் நூற்றுக்கணக்கானவர்களைத் தேடிப் பிடித்தார். அவன் ஊர் எங்கள் பள்ளியிலிருந்து ஏழு கிலோமீட்டர். இத்தனை வருடத்தில் நான் ஒருமுறை கூட விசாரித்ததில்லை.

அந்த ஊரில் என் பழைய மாணவன் ஒருவன் உரக்கடை வைத்திருக்கிறான். நேற்று அவனுக்குப் போன் போட்டு, பையனின் பெயரையும் அப்பா பெயரையும் சொன்னேன். "அந்தக் குடும்பம் இப்ப இங்க இல்லையே சார்" என்றான். திருப்பூர்ப் பக்கம் போனதாக அவன் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறானாம். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.