சின்னண்ணன் என்னும் பெயர்

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் பதனிடும் ஊர்களைக் கடந்து திருப்பத்தூருக்குச் செல்லும் கத்தோலிக்கர் பெரும்பாலோர் அங்குள்ள தூய நெஞ்சக் கல்லூரியை அறிவர். 1951 முதல் நம் பிள்ளைகள் பலர்க்கு அறிவூட்டி வரும் நிறுவனம் அது. அதனினும் முப்பது ஆண்டுகள் மூத்த கிறிஸ்தவ இல்லம் ஒன்றும் அவ்வூரில் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1921இல் சீர்திருத்தச் சபை மரபைச் சேர்ந்த இரு மருத்துவர்கள் தோற்றுவித்த கிறிஸ்துகுல ஆசிரமமே அது. ஒருவர் தமிழர், சவரிராயன் யேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்து நாட்டினர், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன்.

முதல் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியாவில் நண்பர்களான இருவரும், இந்தியா வந்து பூனாவில் மிஷன் பணியில் சேர்ந்தனர். அது அவர்களுக்கு நிறைவளிக்கவில்லை. அக்கால மிஷன் அமைப்பில் வெள்ளையர்க்கு ஒரு நிலை, உடனுழைக்கும் இந்தியர்க்கு வேறொரு நிலை. ஊதியம், குடியிருப்பு, அதிகாரம் அனைத்திலும் அவ்வேற்றுமை நிலவியது. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், பின்னாளில் தோர்ணக்கல் ஆயரான வே. ச. அசரியா இக்குறையை வெளிப்படையாக எடுத்துரைத்தார். பொருளையும் உடலுழைப்பையும் வாரி வழங்கியவர்களிடம் அவர் கேட்டது நட்பை மட்டுமே. அவையோர் பலர்க்கு அது கசந்தது.

அக்கேள்விக்குத் திருப்பத்தூரில் கிடைத்த விடை எளியது. ஆசிரமத்தில் யேசுதாசன் 'பெரியண்ணன்', பேட்டன் 'சின்னண்ணன்'. ஆங்கிலேயர் ஆட்சி ஓங்கியிருந்த நாளில் ஒரு வெள்ளையர் தமிழர் ஒருவர்க்குத் தம்பியாக அமர்வது சிறு செயலன்று. இருவரும் மணம் புரியாது வாழ்ந்தனர், கதர் உடுத்தனர், மரக்கறி உணவே உண்டனர். பேட்டனின் குடும்பமோ அல்லோவா நகரில் கம்பளி நூலாலைகளால் பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பம்! நூலாலைச் செல்வர் வீட்டுப் பிள்ளை கைந்நூலாடையை விரும்பி ஏற்றார்.

இதனை அவர்கள் விசுவாசத்தை மறைத்து வாழ்ந்ததாகக் கொள்ளலாகாது. கிறிஸ்துவின் குலம் என்பதே இல்லத்தின் பெயர். திராவிடக் கோயிற் கலையைத் தழுவி எழுந்த அவர்களது ஜெபாலயம், அங்கே வழிபடப்படுபவர் யார் என்பதை ஊரறியச் செய்தது. ஆனால் நற்செய்தியைச் சொல்லுமுன், சொல்பவனை உயரத்தில் நிறுத்தும் படிகளை அகற்ற வேண்டும் என அவர்கள் கருதினர் போலும். பணிவு அங்கே பேச்சிலன்று, உணவிலும் உடையிலும் உறவுமுறையிலும் இருந்தது.

நம் மரபில் இதற்கு முன்னோடி உண்டு. 1606இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி துறவிக் கோலம் பூண்டதை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். ஆயினும் அக்கோலம் சாதி வரம்புகளுக்கு உட்பட்டே இயங்கியது. எளியோரிடமிருந்து அவரை விலக்கியும் வைத்தது. அவ்வகையில் திருப்பத்தூர் அண்ணன்மார் ஒரு படி மேலே சென்றனர் என்பது என் துணிபு.

கத்தோலிக்கராகிய நமக்கு இது அயலார் கதையன்று. பள்ளியும் மருத்துவமனையும் நம்மிடம் மிகுதி. உதவி பெறுவோர் பெரும்பாலும் ஏழைகள். சமய உரிமை பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட அறிக்கை, சமயத்தைப் பரப்புகையில் வற்புறுத்தலின் சாயலும் தகாத தூண்டுதலும் கூடாதென்கிறது. வறியோரிடமும் கல்லாதோரிடமும் இதில் தனிக்கவனம் வேண்டுமென்றும் சுட்டுகிறது. நோயாளியின் நன்றியுணர்வை ஞானஸ்நானத்துக்கு வழியாக்க நினைக்கும் ஆர்வலர் இன்றும் நம்மிடையே இல்லாமலில்லை.

திருப்பத்தூரார் ஏற்ற எளிமைக்கு விலையும் இருந்தது. 1932இல் சென்னைக் கடைவீதியில் அந்நியத் துணி மறியல் நடந்த வேளையில், கதருடையில் அங்கு நின்ற பேட்டனைக் காவலர் தடியால் அடித்தனர். வண்ண நீரைப் பீய்ச்சி நனைத்தனர். பிரித்தானிய நாடாளுமன்றத்திலேயே இது குறித்துக் கேள்வி எழுந்தது. அவரோ திருப்பத்தூர்ப் பணியைத் தொடர்ந்தார். 1969இல் பெரியண்ணன் மறைந்தார். மறு ஆண்டே சின்னண்ணனும்.