கடைசி எண்

மலேசியாவின் மலாக்கா மாநிலத்து ஜாசினில் தோட்டத்து லயத்தில் பிறந்தாலும் டவுனில் பிறந்தாலும், பிள்ளையின் ஐசி (அடையாள அட்டை) எண்ணுக்கு நடுவே 04 இருக்கும். அது மலாக்காவின் எண். முன்னால் உள்ள ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். 1990இல் வந்த இந்தப் பன்னிரண்டு இலக்க முறையில், பிள்ளை பேசத் தொடங்குமுன்பே அந்தக் கடைசி எண் முடிவாகிவிடுகிறது.

அந்த எண் சொல்லும் பாலில் பிள்ளைக்கும் ஒரு பேச்சு உண்டா என்ற கேள்வி நீதிமன்றத்துக்கு வர வெகுகாலம் ஆனது. அதுவரை நடந்ததெல்லாம் பெரியவர்களின் வழக்கு.

முதல் வழக்கு அப்பாவா, அம்மாவா என்பது. 1961ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் தந்தையையே பிள்ளையின் காப்பாளராக வைத்தது. பெற்ற தாய்க்குச் சம உரிமை கிடைக்க 1999ஆம் ஆண்டுத் திருத்தம் வரவேண்டியிருந்தது. அந்தச் சம உரிமையின் எடை 2018 ஜனவரி 29இல் தெரிந்தது. ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கில், பிள்ளையை மதம் மாற்றப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இரண்டாவது வழக்கு, வீடா அரசா என்பது. 1947, 1973, 1991ஆம் ஆண்டுகளின் மூன்று சட்டங்களை விலக்கிவிட்டு, 2001இல் சிறார் சட்டம் வந்தது. ஆபத்தில் இருக்கும் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்தே மீட்க அது சமூகநல அதிகாரிக்கு அதிகாரம் கொடுத்தது. அதே சட்டம், ‘என் பிள்ளை கட்டுக்கு அடங்கவில்லை’ என்று பெற்றோரே நீதிமன்றத்திடம் எழுதிக்கொடுக்கவும் வழி வைத்தது. இனம், நிறம், பால், மொழி, மதம் என எந்த வேறுபாடும் பாராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு உண்டு என்கிறது அதன் முகப்புரை. பாலின அடையாளம் என்ற சொல் அந்த வரிசையில் இல்லை.

அந்தச் சட்டத்தை 2011 ஏப்ரலில் ஓர் அமைச்சரே சுட்டிக்காட்டினார். நடையிலும் பேச்சிலும் பெண்மை தெரிகிறது என்று ஆசிரியர்கள் அடையாளம் காட்டிய 66 மாணவர்களைத் திரங்கானு மாநிலத்தில், பெசூட்டில் நடந்த நான்கு நாள் முகாமுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு வயது 13 முதல் 17 வரை. கட்டாயம் ஏதுமில்லை, அழைப்புதான் என்றார்கள் அதிகாரிகள். அன்றைய மகளிர் அமைச்சர் ஷாரிசாட் அப்துல் ஜாலில் ஒப்பவில்லை. இது பிள்ளைகளின் மனத்தைக் காயப்படுத்தும், சிறார் சட்டத்துக்கே விரோதம், முகாமை மூட வேண்டும் என்றார்.

கடைசி எண்ணை மாற்றும் வழக்குகளோ வளர்ந்தவர்கள் போட்டவை. 2005இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் ஃபூங், ஆணாகப் பதிவான ஒருவரைப் பெண்ணாக ஏற்றார். 2016இல் நீதிபதி எஸ். நந்தபாலன், பெண்ணாகப் பதிவாகி ஆணாக வாழ்ந்த ஒருவரின் பெயரையும் கடைசி எண்ணையும் மாற்றித்தரும்படி பதிவிலாகாவுக்கு உத்தரவிட்டார். மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

பிள்ளையின் பெயரால் ஒரு நீதிமன்றம் பேசியது தமிழ்நாட்டின் மதுரையில். தூத்துக்குடியில் ஓர் ஆணும் திருநங்கையும் கோயிலில் செய்துகொண்ட திருமணத்தைப் பதிய அதிகாரிகள் மறுத்ததால் வந்த வழக்கு அது. 2019 ஏப்ரல் 22இல் தீர்ப்பெழுதிய நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் திருமணத்தோடு நிற்கவில்லை. ஆண், பெண் என்று உடனே பிரித்தறிய முடியாத உடலோடு பிறக்கும் ஊடுபாலினக் குழந்தைகளை அறுவை மூலம் ‘சரிசெய்யும்’ வழக்கத்தையும் எடுத்துக்கொண்டார். பெற்றோர் தரும் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்றார். அந்த ஆண்டு ஆகஸ்டில், உயிருக்கு ஆபத்தான நிலை தவிர இத்தகைய அறுவைகளுக்குத் தமிழக அரசு தடை விதித்தது. மால்டா 2015இலேயே இதற்குச் சட்டம் இயற்றியிருந்தது.

2019இலேயே இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் சட்டத்தின் 12ஆம் பிரிவு வீட்டுக்குள்ளும் நுழைந்தது. திருநர் என்பதற்காக எந்தப் பிள்ளையையும் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது. பிள்ளையின் நலன் கருதி நீதிமன்றம் உத்தரவிட்டால் மட்டுமே பிரிக்கலாம் என்றது. குடும்பத்தால் பராமரிக்க முடியாவிட்டால் மறுவாழ்வு மையம். அடித்து விரட்டும் வீட்டிலிருந்து தப்பி, தங்களை மகளாக ஏற்கும் மூத்த திருநங்கையிடம் போய்ச் சேரும் பிள்ளைகளை இந்தப் பிரிவு மறந்துவிட்டது என்று திருநர் செயற்பாட்டாளர்கள் கண்டித்தார்கள்.

ஜாசின் பிள்ளைக்கு 12 வயதானதும், பெற்றோர் மைகார்டு எடுக்கப் பதிவிலாகாவுக்குக் கூட்டிப்போகிறார்கள். படம் புதிது, கைரேகை புதிது. எண் மட்டும் பிறப்புப் பத்திரத்தில் இருந்த அதே எண்.