சி. ராஜராஜ வர்மா
சி. ராஜராஜ வர்மா (1860–1905) எண்ணெய் வண்ணத்தில் நிலக்காட்சிகளை வரைந்த தொடக்ககால இந்திய ஓவியர்களுள் ஒருவர். கிளிமானூர் அரச குடும்பத்தவர். ராஜா ரவி வர்மாவின் தம்பி.

அக்காலச் சென்னையில் எண்ணெய் வண்ண ஓவியர்களுக்குப் புகழும் வருவாயும் தந்தவை பெரும்பாலும் மனித உருவங்களே. 1873-இல் சென்னை நுண்கலைக் கண்காட்சியில் ரவி வர்மாவுக்குத் தங்கப்பதக்கம் பெற்றுத் தந்தது, கூந்தலை அலங்கரிக்கும் நாயர் பெண்ணின் ஓவியம். ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் உருவப்படத்தையும் அவர் வரைந்தார்.

உருவப்படத்தை அறையின் சீரான வெளிச்சத்தில் பல நாள் அமர்ந்து வரையலாம். வெளியிலோ வெயில் நகர நகர நிழலும் நிறமும் மாறும்; எண்ணெய் வண்ணமும் மெதுவாகவே காயும். அதனால் வெளியில் சிறிய மாதிரியை விரைவாகத் தீட்டி, பெரிய ஓவியத்தை அறையில் முடிக்கும் முறை ஐரோப்பாவில் பரவலாக இருந்தது.

ராஜராஜ வர்மா தனி நிலக்காட்சிகளை வரைந்ததோடு, அண்ணனுடன் ஊர் ஊராகச் சென்று அவரது ஓவியங்களிலும் உடனுழைத்தார். 1895 முதல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய நாட்குறிப்பு இக்கூட்டுழைப்புக்குச் சான்று. ஆயினும் புகழ் அண்ணனின் பெயருக்கே சேர்ந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரவி வர்மாவின் ஓவியங்கள் உள்ளன. அவரது ஓவியங்களைக் காண்போர் உருவங்களுக்குப் பின்னுள்ள மலையையும் மரத்தையும் நீரையும் கவனிக்க வேண்டும். அங்கே தம்பியின் கையும் இருக்கலாம்.